மருந்துக் காவலும் வரலாற்றுப் படிப்பினையும்

மருந்து பிணி தீர்ப்பது. ஆயின் காவல் தளர்ந்தவிடத்து அதுவே நஞ்சாதலும் உண்டு. 1937ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், டையெதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுக் கரைப்பானிற் கரைத்து விற்கப்பட்ட சல்பனிலமைட்டு மருந்தை உண்டு நூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டிலேயே, தீங்கின்மையை நிறுவாது புதுமருந்து விற்றலாகாதெனச் சட்டம் எழுந்தது.

எனினும், அப்படிப்பினை வறிய நாடுகளைக் காக்கவில்லை. 1990 முதல் 1992 வரை வங்காளதேசத்து டாக்கா நகரச் சிறுவர் வைத்தியசாலையில், காரணம் புலப்படாத சிறுநீரகச் செயலிழப்புற்ற 339 சிறுவருள் 236 பேர் இறந்தனர். அவருட் பலர் காய்ச்சலுக்கு அருந்திய பரசிற்றமோற் பாணியில், விலைமிகுந்த புரொப்பிலீன் கிளைக்கோலுக்குப் பதிலாக அந்நஞ்சே கலந்திருந்தது. வைத்தியர்கள் நோயாளரின் வரலாற்றையும் மருந்துப் பரிசோதனையையும் ஒப்புநோக்கியே இவ்வுண்மையைத் துணிந்தனர். 1992 டிசெம்பரில் அரசு அப்பாணியின் விற்பனையைத் தடைசெய்தது. அடுத்த பன்னிரு மாதங்களில் அத்தகைய நோயாளர் தொகை 84 சதவீதம் குறைந்தது.

2022இல் காம்பியாவில் ஏறத்தாழ எழுபது சிறுவர் இவ்வாறே மாண்டபோது, ஆங்கு பரிசோதனைக் கூடமின்மையால் மருந்து மாதிரிகள் பிறநாடு செல்லவேண்டியதாயிற்று.

ஆதலின், சட்டம் ஒன்றே போதாது. ஐயுற்றுப் பதியும் வைத்தியரும், ஆராயும் கூடமும், உடன் தடுக்கும் அதிகாரமும் ஒருங்கே அமைதல் வேண்டும்.