வாட்சன் ஹோட்டலும் வாடகைச் சட்டமும்

1861இல் அமெரிக்காவில் மூண்ட உள்நாட்டுப் போர் பம்பாய் வணிகரைச் செல்வராக்கிற்று. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்படவே, இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்காக உயர்ந்தது. அக்காலத்தில் ஆளுநராயிருந்த சேர் பாட்டில் பிரியர் பழைய கோட்டை மதில்களை இடிப்பித்தார்; மதிலுக்கு வெளியே கிடந்த எஸ்பிளனேட் வெளி மனைகளாக விற்கப்பட்டது. அங்கு மனை வாங்கிய ஜோன் வாட்சன் என்னும் ஆங்கிலத் துணி வணிகர் எழுப்பிய ஐந்து மாடிக் கட்டடமே 1871இல் திறக்கப்பட்ட வாட்சன் ஹோட்டலாகும்.

இதனை வரைந்தவர், லண்டன் சென் பாங்கிராஸ் புகையிரத நிலையக் கூரையோடு தொடர்புடைய பொறியியலாளர் ரோலண்ட் மேசன் ஓடிஷ். தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் ஆக்கப்பெற்று, கப்பலில் வந்து, பம்பாயிற் பொருத்தப்பட்டன. பாரத்தை இரும்புச் சட்டகமே தாங்கிற்று. செங்கற் சுவர்கள் இடைவெளியை அடைத்தன, அவ்வளவே. 1896 யூலை 7ஆம் நாள் லூமியர் சகோதரரின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் இங்கேதான். ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்கு இங்கு அனுமதி மறுக்கப்பட்டமையாலேயே தாஜ்மகால் ஹோட்டல் எழுந்தது என்பர். கதை சுவையானது; சான்றோ வலுவற்றது. 1903இல் தாஜ் திறக்கப்பட்டபின் வாட்சன் ஹோட்டலின் மதிப்புக் குன்றிற்று என்பதே உறுதி.

1960களில் விடுதி மூடப்பட்டு, எஸ்பிளனேட் மான்ஷன் என்ற பெயரில் அறைகள் சிறு சிறு கூறுகளாக வாடகைக்கு விடப்பட்டன. அருகே நீதிமன்றம் இருந்தமையாற் சட்டத்தரணிகளின் காரியாலயங்கள் பெருகின. இரும்புச் சட்டகக் கட்டடத்தில் தடுப்புச் சுவரை எங்கும் எழுப்பலாம், எங்கும் நீக்கலாம். காரியாலயமாக மாறுதற்கு இதனினும் தகுந்த அமைப்பு அந்நகரில் அரிது. ஆயின் இம்மாற்றத்துக்கு ஒரு திட்டமோ ஒரு பொறுப்பாளரோ இருக்கவில்லை. அவரவர் தத்தம் தேவைக்கேற்ப அடைத்தனர், பிரித்தனர்.

பழுது பார்க்க ஒருவரும் முன்வராமைக்குக் காரணம் மக்களின் அசட்டை மட்டுமன்று. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் (அதன் முழுப் பெயரில் ஹோட்டல் என்ற சொல்லும் உண்டு!) 1940 செப்டெம்பர் 1ஆம் நாளின் வாடகையை அளவுகோலாக்கிற்று. அதன்பின் முதன்முறை வாடகைக்கு விடப்பட்ட இடத்துக்கு அம்முதல் வாடகையே நிலையான வாடகை. போர்க்கால இட நெருக்கடியில் எளியோரைக் காத்த ஏற்பாடு இது. அந்நோக்கத்தைக் குறைகூற இயலாது. எனினும் விலைவாசி ஏற, வாடகை அசையாது நின்றது. உரிமையாளருக்குத் திருத்த வருவாயில்லை. வாடகையாளருக்குப் பிறர் சொத்திற் செலவிட மனமில்லை. இவ்வாறு வாடகையை உறைய வைத்தல் நியாயமற்றதென 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. 1999ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீத உயர்வை அனுமதித்தது. ஆனால் அந்த நான்கு வீதமும் பழைய சிறு தொகையின் மீதே கணிக்கப்பட்டது.

2005இல் முகப்பின் மேன்மாடங்கள் இடிந்து ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியம் பேரிடருக்குள்ளான நூறு இடங்களுள் ஒன்றாக இதனை அறிவித்தது. 2019இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிக்கை கட்டடத்தை இடிக்கப் பரிந்துரைத்தது. மரபுரிமைக் கட்டடக் கலைஞர் அதனை மறுத்தனர். அவ்வாண்டில் உயர் நீதிமன்றம் அனைவரையும் வெளியேறுமாறு பணித்தபோது, கோப்புக் கட்டுகளைச் சுமந்து இறங்க வேண்டியிருந்தோருட் பலர் சட்டத்தரணிகள்.