செட்டிபாளையமும் ஓர் அமெரிக்க இசைத்தட்டும்



உக்கடத்திலிருந்து போத்தனூரைக் கடந்து தென்கிழக்கே சென்றால் செட்டிபாளையம் என்னும் ஊரை அடையலாம். அவ்வூரில் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய ஜாஸ் இசைத்தட்டு ஒன்று அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு வெளிவந்தது. 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்பது அதன் பெயர். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1914இல் பிறந்த இராமசாமி, மனைவியை இழந்தபின் ஆன்மிகத்தை நாடினார். 1949இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றுச் சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் பல்லாண்டு தொண்டாற்றி, 1966இல் நியூயார்க் நகருக்குச் சென்றார்.

அந்நகருக்கு அருகில் வாழ்ந்தவர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1937இல் டெட்ராய்ட் நகரில் பிறந்து, தேவாலயங்களில் வாசித்துப் பழகிய கறுப்பினக் கலைஞர் அவர். அவருடைய கணவரும் சாக்ஸபோன் மேதையுமான ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலையில், நாற்பதாம் வயதில் மறைந்தார். கணவர் வரவழைக்க ஏற்பாடு செய்திருந்த ஹார்ப் என்னும் பெரிய யாழ், அவர் மறைந்த பின்னரே வீடு வந்து சேர்ந்தது என்பர். நான்கு குழந்தைகளோடும் தீராத் துயரத்தோடும் உறக்கமின்றித் தவித்த அவ்வம்மையாருக்குச் சச்சிதானந்தரின் உபதேசம் ஆறுதலாயிற்று.

1970 நவம்பரில், தம் இல்லத்து ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இசைத்தட்டின் பெரும்பகுதியை அவர் பதிவு செய்தார். முதற் பாடலில் தம்பூரா சுருதி கூட்டுகிறது. பாஸ் சிறியதொரு தொடரை மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. அவற்றின்மேல் யாழ் அலையலையாக எழுகின்றது. பேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனும் இணைகிறது.

இதனை நம் இசையின் வெற்றி என்று கொண்டாடலாமா? கூடாது என்பதே என் கருத்து. தம்பூரா நம்முடையது, ஆனால் ஹார்ப் மேனாட்டுக் கருவி, பிறிதொரு பாடலில் ஒலிக்கும் ஊத் அரபு நாட்டினது, தாளமும் துயரமும் அமெரிக்கக் கறுப்பின மக்களுடையவை. மேலும், குருவுடன் அம்மையார் பாரதம் வந்தது 1970 டிசம்பரில்; அதாவது பதிவு முடிந்த பின்னர். செட்டிபாளையத்துத் துறவி தந்தது இராகமன்று, மனத்திண்மை. இசை அவருக்கே உரியது.

நமக்கும் யாழ் இருந்தது. வாசிக்கும் மரபைத்தான் இழந்துவிட்டோம். அதன் இலக்கணத்தை மீட்க விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து, 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். பிறர் யாழில் நம் ஊர்ப் பெயரைக் கேட்டு மகிழும் மாணவர்கள், அந்நூலையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.