துணி இறக்கையில் இரண்டாவது இருக்கை

விமானம் பிறந்தது சைக்கிள் கடையில். மோட்டார் கட்டிய பாராசூட்டான பவர்டு பாராசூட் பிறந்தது பட்டம் கட்டுகிறவர் கையில். கியூபெக்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த டொமினா ஜால்பர்ட், பட்டமும் பலூனும் செய்தவர். பட்டத்திலிருந்து குச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை வைத்தார். ஒருபக்கம் தைக்காமல் விட்ட தலையணை உறைகளை வரிசையாக இணைத்தமாதிரி ஒரு துணி. திறந்த வாய் வழியே காற்று புகுந்ததும் விறைத்து, விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். 1964-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966-இல் கிடைத்தது. பாராஃபாயில் என்று பெயர்.

பழைய வட்டக்குடை பாராசூட்டுக்கு இறங்கத்தான் தெரியும். இது முன்னாலும் நகர்ந்தது. நகர்கிறது என்றால் மோட்டாரைக் கட்டிப் பார்க்க ஆள் வராமலா இருப்பார்கள்? 1960-களிலேயே லோவல் ஃபாரண்ட் 'ஐரிஷ் ஃப்ளையர்' என்ற மோட்டார் வடிவத்தில் பறந்தார். அதைக் கடையில் விற்கும் பொருளாக்கியவர், பாராசூட் தொழிலில் ஊறிய ஸ்டீவ் ஸ்னைடர். 1980-களின் தொடக்கத்தில் வந்த அவருடைய 'பாராபிளேன்' ஒருவர் உட்காரும் சக்கர வண்டி. பின்னால் இரண்டு சிறு என்ஜின்கள், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு விசிறிகள். ஒற்றை விசிறி வண்டியை ஒருபக்கமாகத் திருகும். இரண்டானால் ஒன்றின் திருகலை மற்றது அடக்கிவிடும்.

இதை ஓட்டுவது எளிது. வேகம் ஏறக்குறைய ஒரே அளவுதான், மணிக்கு 45 கிலோமீட்டர் பக்கம். என்ஜினை முடுக்கினால் வேகம் கூடாது, வண்டி மேலே ஏறும், குறைத்தால் இறங்கும். வலது காலை அழுத்தினால் துணியின் வலது பின்விளிம்பு கீழே இழுபட்டு, வண்டி வலப்பக்கம் திரும்பும்.

எளிதானாலும் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டுமே. அமெரிக்காவின் 1982-ஆம் ஆண்டு விதி, உரிமம் தேவைப்படாத இலகு விமானத்தில் ஓர் இருக்கையைத்தான் அனுமதித்தது. அதனால் இரட்டை இருக்கை, பயிற்சிக்கான விலக்காகவே முதலில் நுழைந்தது. 2004-இல் வந்த விதிகள் அதற்குத் தனி இடம் கொடுத்தன.

இன்னோர் ஆளை ஏற்றுவது ஒரு நாற்காலியைப் பொருத்துவதோடு முடியவில்லை. அதே துணியில் எடை இரட்டித்தால் வேகம் சுமார் 1.4 மடங்காகும், தரையிறங்கும்போது அது ஆபத்து. ஆகவே துணி 500 சதுர அடி அளவுக்கு விரிந்தது. என்ஜின் 50, 65 குதிரைசக்திக்கு வளர்ந்தது. அடுத்த சிக்கல் சமநிலை. ஒருநாள் இருவர், மறுநாள் ஒருவர் என்றால் வண்டியின் மூக்கு தூக்கும் அல்லது தாழும். அதற்காகப் பின் இருக்கையை, வண்டி துணியிலிருந்து தொங்கும் புள்ளிக்கு ஏறக்குறைய நேர் கீழே வைத்தார்கள். அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாய்வு பெரிதாக மாறாது. முன்னால் இருப்பவரின் எடைக்கேற்பத் தொங்கு புள்ளியை நகர்த்திக்கொண்டால் போதும்.

காவிரிப் படுகையில் இது பறக்குமா? சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனிக் காலைகளில் வயல் காய்ந்து கிடக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஆனால் எழும்ப, வரப்பு குறுக்கிடாத ஒரு திடல் வேண்டும். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருப்பதால், அனுமதியில்லாமல் அந்த வானத்தில் ஏற முடியாது.

ஆடியில் கதையே வேறு. தென்மேற்குக் காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், தஞ்சையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கும்பகோணத்துக்கு அரைமணியில் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பும்போது எதிர்க்காற்றில் மிஞ்சுவது 15 கிலோமீட்டர் வேகம். இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் பெட்ரோல் தீர்ந்தாலும் தீரும். கூடவே தென்னந்தோப்புகளைத் தாண்டி வரும் சுழல்காற்று துணியைக் குலுக்கும். பின் இருக்கையில் உட்காரும் ஆசான் முதலில் சொல்லித்தர வேண்டியது, எந்தக் காற்றில் புறப்படக் கூடாது என்பதைத்தான்.