அனிச்சைச் செயல்

உடலில் எழுந்த ஒரு தூண்டுதல், சித்தத்தின் ஆணைக்குக் காத்திராமல், உணர்ச்சி நரம்பு வழியே தண்டுவடத்தையோ மூளைத் தண்டையோ அடைந்து, அங்கிருந்தே திரும்பித் தசையை அல்லது சுரப்பியை இயக்குவது அனிச்சைச் செயல் எனப்படும். கெங்கவல்லிப் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில் வெறுங்காலுடன் நடக்கும் உழவர் கருவேல முள்ளை மிதித்தால், வலி இன்னதென்று தெரிவதற்கு முன்னமே மிதித்த கால் மடங்கி எழுவதும், சரீரம் சாயாதபடி மற்றக் கால் விறைத்து நின்று பாரத்தை ஏற்பதும் இவ்வகையினவே.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட், தீயருகே சென்ற கால் பின்வாங்குவதை யந்திர இயக்கமாகவே கண்டார். நரம்பை உட்டுளையுள்ள குழாய் என்று அவர் எண்ணியது பிழையாயினும், தூண்டுதல் எவ்வாறு அசைவாகிறது என்ற அவரது வினா சரியானது. தலையிழந்த தவளையும் தண்டுவடம் இருக்குமட்டும் தூண்டுதலுக்கு அசையும் என்று 1751இல் ராபர்ட் விட் எழுதினார். தண்டுவடத்தின் பின்வேர் உணர்ச்சிக்கும் முன்வேர் இயக்கத்துக்கும் உரியவை என்பதை 1822இல் மஜாந்தி நிறுவினார். முழங்காலின் கீழுள்ள தசைநாணைத் தட்டினால் கால் உதறுவதை 1875இல் எர்ப், வெஸ்ட்பால் என்னும் இரு ஜெர்மானியர் தனித்தனியே வெளியிட்டனர். ஒரு தசை சுருங்குகையில் அதற்கு எதிரான தசை அடக்கப்படுகிறது என்பது முதலாய நுட்பங்களை ஆராய்ந்த ஷெரிங்டன், 1906இல் வெளிவந்த தம் நூலில் அவற்றை ஒரு சாஸ்திரமாக்கி, 1932இல் நோபல் பரிசும் பெற்றார்.

நம் பாடநூல்கள் முழங்காலோடு நின்றுவிடுவது வருந்தத்தக்கது. ஏனெனில் உள்ளுறுப்புகளில் நிகழும் அனிச்சைச் செயல்கள் இன்னும் வியப்பானவை, அவற்றை வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையான ஒருவர் இந்தியர். பர்மாவில் 1925இல் பிறந்து, எடின்பரோவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அவுதார் சிங் பெயிண்டல், உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்துடிப்பைப் பதிவு செய்யும் முறையைக் கையாண்டு, பூனையின் நுரையீரலில் காற்றுச் சிற்றறைகளை ஒட்டிய தந்துகிகளின் அருகே அமைந்த உணர்முனைகளைக் கண்டு 1955இல் அறிவித்தார். இவை பின்னர் ‘ஜே’ உணர்முனைகள் என்று பெயர் பெற்றன. பச்சைமலையில் சுமையோடு விரைந்தேறுபவரது நுரையீரலில் இரத்த ஓட்டம் பெருகி, தந்துகிகளைச் சுற்றி நீர் கசியுமானால், இம்முனைகள் தூண்டப்பெற்று, சுவாசம் விரைந்து ஆழம் குன்றுவதுடன் கால்களும் தளர்ந்து, ஏறுபவர் உட்கார நேரும் என்பது அவர் கருத்து. மனிதரிடத்தில் இது எவ்வளவு வலிமையுடன் நிகழ்கிறதென்பதில் உடலியலார்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் பெயிண்டல் இயக்குநராயிருந்த டில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் பணியாற்றிய தேஷ்பாண்டேயும் தேவானந்தனும், ஜே முனைகளைத் தூண்டினால் பூனையின் கால்தசைகளில், முழங்கால் உதறலைப் போன்று ஒரே நரம்புச் சந்தியைக் கடந்து வரும் அனிச்சைச் செயல் அடங்குவதை 1970இல் காட்டினர். மூச்சும் முழங்காலும் இவ்வாறு ஒரே சரித்திரத்துள் வந்து சேர்ந்தன. பெயிண்டலை 1981இல் லண்டன் ராயல் சொஸைட்டி தன் உறுப்பினராக்கியது. தேவானந்தன் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், முழங்கால் உதறலுக்கு மூலமான தசைக்கதிர்கள் என்னும் நுண்ணுறுப்புகள் நாட்டுக் குரங்கின் கைத்தசைகளில் எத்தனை, எங்கெங்கே உள்ளன என்பதைத் தம் சகாக்களுடன் எண்ணி ஆராய்ந்தார்.