தானுந்து இயக்கத்தடுப்பி

தானுந்து இயக்கத்தடுப்பி அல்லது இம்மொபிலைசர் என்பது, உரிய சாவி இன்றித் தானுந்தின் பொறி இயங்காதவாறு தடுக்கும் மின்னணுக் கருவி ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய தானுந்துகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் இல்லை; அங்கு இக்கருவி இன்றி விற்கப்பட்ட கியா, ஹூண்டாய் வண்டிகள் 2021க்குப் பின் பெருமளவில் திருடப்பட்டன.

செயற்பாடு

சாவியின் பிடிக்குள் சிறு சில்லு ஒன்று உள்ளது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில், காந்தப்புலத்தை உண்டாக்கும். சில்லு தனக்கு வேண்டிய மின்னாற்றலை அப்புலத்திலிருந்தே பெற்றுத் தன் குறியீட்டைத் திருப்பி அனுப்பும். தொடக்ககாலச் சில்லுகள் மாறாத எண் ஒன்றையே அனுப்பின. பின்வந்தவை, வண்டி ஒவ்வொரு முறையும் விடுக்கும் புதிய வினாவுக்கு மறையீட்டு முறையில் விடை கணித்து அனுப்புகின்றன. விடை பொருந்தாவிடில் பொறிக் கட்டுப்பாட்டு அலகு எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும்.

பழுது கண்டறிதல்

பொறி சுழன்றும் பற்றாமை, பற்றியவுடன் ஓரிரு நொடிகளில் நின்றுவிடுதல், முகப்புப் பலகையில் சாவி வடிவ விளக்கு விடாது மின்னுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சில வண்டிகளில் பொறி சுழலவே சுழலாது. விளக்கு வழக்கம்போல் அணைந்துவிட்டால், பழுது எரிபொருள் எக்கி போன்ற வேறிடத்தில் இருக்கக்கூடும்.

சாவியின் மின்கலத்தை மாற்றிப் பார்ப்பது பரவலான, பெரும்பாலும் பயனற்ற முயற்சி. திருகும் சாவியில் அம்மின்கலம் கதவைத் திறக்கும் தொலையியக்கிக்கே உரியது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளில் மின்கலம் தேவை. ஆயினும் அது தீர்ந்த நிலையில், கையேடு காட்டும் இடத்தில் சாவியை ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பும்.

மிகுந்த பயன் தருவது இரண்டாவது சாவியைக் கொண்டு செய்யும் சோதனை. அதில் வண்டி கிளம்பினால் முதற்சாவியின் சில்லு பழுதுற்றது அல்லது பதிவு இழந்தது எனலாம். கீழே விழுந்த சாவிகளில் சில்லு உடைந்தோ கழன்றோ போவதுண்டு. இரண்டிலும் கிளம்பாவிடில் கம்பிச்சுருள், அதன் இணைப்புகள், வண்டியின் மின்கல அடுக்கு ஆகியவற்றை ஆராய வேண்டும். ஒரே வளையத்தில் உள்ள வேறொரு வண்டியின் சாவியும் குறுக்கிடலாம். எனவே சோதிக்குமுன் சாவியைத் தனியே பிரித்தல் நன்று.

பழுதான சாவிக்கு மாற்றாக வெட்டப்படும் புதிய சாவி கதவைத் திறக்குமேயன்றி, வண்டியில் பதிவு செய்யப்படும்வரை பொறியை இயக்காது. சில வண்டிகளில், முன்பே பதிவான சாவி கையில் இருந்தால் உரிமையாளரே புதியதைப் பதியலாம். எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டால் உரிமைச் சான்றுடன் முகவரையோ சாவி வல்லுநரையோ நாட வேண்டும். சில வண்டிகளில் கட்டுப்பாட்டு அலகையே மாற்ற நேரிடும்.