பதிவு மூப்பும் வழிகாட்டலும்: செஞ்சி வட்டார இளைஞரும் அரசு வேலைவாய்ப்புப் பணியும் (1945–2025)

செஞ்சியைப் பற்றிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் கோட்டையைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் நூல் நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய அதிகாரத்தைப் பொறுமையாகத் தொடர்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளின் அடிவாரத்தில் பிறந்த இளைஞர்கள் என்ன வேலைக்குப் போனார்கள், அதை யார் மூலம் பிடித்தார்கள் என்ற கேள்வி அந்த மரபில் எழவே இல்லை. அந்நூல் வெளிவந்த இரண்டே ஆண்டில், 1945 ஜூலையில், அந்தக் கேள்வியைத் தன் அன்றாட வேலையாகக் கொண்ட ஓர் அரசு அமைப்பு டெல்லியில் தோன்றியது. பிற்பாடு மக்கள் ‘எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்’ என்று அழைத்த அமைப்பு அது.

அந்த அமைப்பு தொடக்க காலத்திலேயே இரண்டு பணிகளை ஏற்றுக்கொண்டது. காலியிடத்துக்கு ஆளைச் சேர்ப்பது ஒன்று. இன்ன வேலைக்குத்தான் தகுதி, அதற்கு இன்னது படிக்க வேண்டும் என்று இளைஞருக்கு வழிகாட்டுவது மற்றொன்று. முதல் பணி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இரண்டாவதை விழுங்கிவிட்டது என்பதும், முதலாவது வலுவிழந்த பிறகே இரண்டாவது தலைதூக்கியது என்பதும் இக்கட்டுரையின் வாதம். செஞ்சி போன்ற வட்டாரத்துக்கு முதல் பணியால் பெரிய பலன் கிடைக்க வழியே இருக்கவில்லை. அதிகம் தேவைப்பட்ட வழிகாட்டலோ அங்கே கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

1945க்கு முந்தைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சி அடங்கிய தென்னார்க்காடு மணிலாக்கொட்டை மாவட்டமாகிவிட்டது. விளைந்த கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. நெல், மணிலா, ஏரிப்பாசனம் ஆகிய மூன்றையும் சுற்றியே உழைப்புக்கான தேவை இருந்தது. வேலை என்பது உறவு, சாதி, பண்ணை, மேஸ்திரி ஆகிய வாசல்கள் வழியாகக் கிடைப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு 1916இல் ஆய்வு செய்த ஊர்களில் இதே மாவட்டத்தின் இருவேல்பட்டும் ஒன்று. அந்த ஊர் 2008 வரை பலமுறை மறுஆய்வுக்கு உள்ளானது நம் அதிர்ஷ்டம். ஸ்லேட்டர் காலத்து இருவேல்பட்டில் ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடிக்குள்தான் ஊரின் உழைப்பும் பிழைப்பும் இருந்தன. அங்கே பிறந்த ஓர் இளைஞனின் ‘எதிர்காலம்’ அவன் பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

வெளியுலகில் வேறு சிந்தனைகள் உருவாகிக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் தொழில் வழிகாட்டலுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். பிரிட்டன் 1909இல் சட்டம் இயற்றி 1910இல் வேலைவாய்ப்பு நிலையங்களைத் திறந்தது. இந்தியாவின் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த அரச ஆணையமோ 1931இல் தந்த அறிக்கையில் இங்கே அத்தகைய நிலையங்களைப் பரிந்துரைக்கவில்லை. ஆலை வாசலிலேயே ஆட்கள் தேவைக்கு மேல் நிற்கும்போது முதலாளி எதற்காக அரசு அலுவலகத்துக்கு எழுதப்போகிறார் என்பது அதன் நிலைப்பாடு. முதலாளியின் பக்கமிருந்து பார்த்தால் அது சரிதான். வாசலில் நின்றவரின் பக்கமிருந்து ஆணையம் பார்க்கவில்லை.

படைவீரரிலிருந்து பொதுமக்களுக்கு

1945இல் அந்த டெல்லி அமைப்பு பிறந்தது வேலையில்லாத இளைஞர்களுக்காக அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களையும் போர்க்காலத் தொழிலாளர்களையும் மறுபடி வாழ்க்கையில் அமர்த்துவதற்காக. பிரிவினைக்குப் பின் அகதிகளும் அதன் பொறுப்பில் சேர்ந்தார்கள். 1948இன் தொடக்கத்தில்தான் வேலை தேடும் எவருக்கும் கதவு திறந்தது.

பி. சிவராவ் தலைமையில் 1952இல் அமைந்த குழு 1954இல் அறிக்கை தந்தது. நிலையங்களின் அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் ஒப்படைக்கச் சொன்னதற்காகவே இக்குழு பெரிதும் நினைவுகூரப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று, மொழிவழி மாநிலங்கள் உருவான அதே நாளில், அந்தக் கைமாற்றம் நடந்தது. ஆனால் இளைஞர்களுக்கான தனிப் பணியும் தொழில் வழிகாட்டலும் நிலையங்களில் இடம்பெற வேண்டும் என்றும் இதே குழு சொல்லியிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சில நிலையங்களில் வழிகாட்டும் பிரிவுகளும் தொடங்கின. இந்தப் பகுதி நம் பொதுநினைவில் தங்கவே இல்லை. ஏன் என்பதற்கு விடை அடுத்து வந்த சட்டத்தில் இருக்கிறது.

காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1960 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் நிலையம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டத்தின் விலக்குப் பட்டியலைச் செஞ்சியின் கண்கொண்டு படித்தால் சட்டம் யாருக்கானது என்பது விளங்கும். தனியார் விவசாய வேலை (இயந்திரம் இயக்குபவர் நீங்கலாக), வீட்டு வேலை, மூன்று மாதத்துக்குக் குறைவான வேலை, அலுவலகத்தின் திறன்சாரா வேலை ஆகிய எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. நெல்லும் மணிலாவும் விளையும் ஒரு வட்டாரத்தில் இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவது பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், காவல் நிலையம், கூட்டுறவுச் சங்கம். சட்டம் காட்டிய உலகில் அரசு ஒன்றே முதலாளி.

மூப்பின் ஆட்சி

காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகின. 1960களின் இறுதியில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் வந்தன. செஞ்சிப் பக்கத்து உழவர் குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் பிறந்தது இந்தத் தலைமுறையில். அவர்கள் செய்த முதல் காரியம், பலரும் பெருமையுடன் சொல்வதுபோல, ‘பதிந்து வைத்தது.’

பதிவு அட்டையில் பதிவெண், தகுதி, தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி ஓர் எண், புதுப்பிக்க வேண்டிய மாதம் ஆகியவை இருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ரெனியூவல் செய்யாவிட்டால் மூப்பு, அதாவது பதிந்த தேதிப்படி வரிசையில் உள்ள இடம், போய்விடும். அரசு அவ்வப்போது சலுகை அறிவித்து விட்டுப்போன பதிவுகளுக்கு உயிர் கொடுக்கும். மாவட்டத் தலைநகர் கடலூராக இருந்த காலத்தில் இது செஞ்சிக்காரருக்கு ஒரு முழுநாள் வேலை. 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமான பின் தலைநகர் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தது. ரயில் இன்றுவரை இல்லை. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைப் பாதை 2000களில் ஒப்புதல் பெற்றும் முடிந்தபாடில்லை.

இந்த முறையின் நியாயத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிபாரிசுக்கு ஆளில்லாத, கைக்காசு கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தேதி மட்டுமே பேசும் வரிசை பெரிய பாதுகாப்பு. தன் முறை வரும் என்று அவர் நம்பினார். பலருக்கு வரவும் செய்தது. ஆசிரியப் பணியில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. பதிவு மூப்பு அடிப்படையில் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்ட ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் கிராமத்துக் குடும்பங்களின் உறுதியான முதலீடாகக் கருதப்பட்டது. தனியார் பயிற்சி நிறுவனங்கள் மாநிலமெங்கும் புற்றீசலாய் முளைத்தன. நிலத்தை அடகு வைத்துப் பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பிய தகப்பனை ஏமாளி என்று சொல்ல முடியாது. அவர் கண்முன் இருந்த சான்றுகள் அப்படித்தான் சொல்லின.

காத்திருப்பதைச் சோம்பல் என்று எழுதுபவர்களுடன் நான் உடன்படாதது இங்கேதான். மூப்பு முறையில் ஒவ்வோர் ஆண்டுக் காத்திருப்பும் அடுத்த ஆண்டின் வாய்ப்பைக் கூட்டுகிறது. வேறு தொழிலுக்குத் திசைமாறுபவர், சேர்த்த மூப்பின் பயனைக் கைவிடுகிறார். தமிழ்நாட்டின் வேலையில்லா உதவித்தொகை இதே தர்க்கத்தை எழுத்தில் வைத்திருக்கிறது. பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தவருக்கே தொகை உண்டு; பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்றாண்டுக்கு. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவருக்குக் கிடையாது. சுயதொழில் தொடங்கியவருக்கும் கிடையாது. 1980இல் வந்த கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படித்தவரின் வேலையின்மையை டெல்லித் தெருக்களில் வைத்துக் காட்டியது. செஞ்சியில் அது அப்படி வீதிக்கு வந்து வெடிக்கவில்லை. வயலும் மாடும் உள்ள வீட்டில் காத்திருப்பவர் வேலையற்றவராகவே வெளியே தெரிவதில்லை. மீரட் நகர இளைஞரை ஆராய்ந்து கிரேக் ஜெஃப்ரி 2010இல் எழுதிய நூல் டீக்கடை முனைகளில் காலம் கடத்துபவர்களைப் பற்றியது. செஞ்சிக் காத்திருப்பின் களம் களத்துமேடு.

வழிகாட்டும் பிரிவு இந்த ஆண்டுகளில் என்ன செய்தது? பள்ளிகளில் பேச்சு, துண்டுப்பிரசுரம், தொழில் தகவல். பதிவும் ரெனியூவலும் அலுவலகத்தின் பகலை எடுத்துக்கொண்டன. மாநிலத்தில் பதிந்தோர் எண்ணிக்கை 2010களின் பிற்பகுதியில் 80 லட்சம் அளவை எட்டியது. ‘உனக்கு எது வரும்’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்க யாருக்கு நேரம்?

வரிசை உடைந்தது

உடைப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. 1987இல் ஹர்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1959 சட்டம் எவரையும் நிலையம் வழியாகவே ஆளெடுக்கக் கட்டாயப்படுத்தவில்லை என்று விளக்கியது; அரசுத் துறைகள் அப்படிச் செய்வதை மட்டும் ஏற்றுக்கொண்டது. 1996இல் விசுவேசுவர ராவ் வழக்கில் அதையும் தளர்த்தி, நாளிதழ் போன்றவற்றிலும் அறிவித்து விண்ணப்பித்தவர் அனைவரையும் பரிசீலிக்கச் சொன்னது. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது என்றானது.

இரண்டாவது, தேர்வு. ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு மூப்புள்ள அட்டைகள் ஒரே கோடையில் மதிப்பிழந்தன. அடுத்த ஆண்டுகளில் பயிற்சி நிறுவனங்கள் பலவும் மூடப்பட்டன. இந்த அடி குறித்துத் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும். குறிப்பாக, முப்பதைத் தாண்டி மணமாகிவிட்ட பெண்களுக்கு அடுத்த பாதை என்று எதையும் யாரும் சொல்லவில்லை என்பதைப் பற்றி.

பெயரில் ஏறிய வழிகாட்டல்

வரிசை மதிப்பிழந்ததும் அலுவலகம் தன் பழைய இரண்டாம் பணியை நினைவுகூர்ந்தது. இன்று அதன் பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பதிவு இணையத்துக்குப் போனது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறும்போதே பள்ளியில் பதியும் ஏற்பாடும் வந்தது. அலுவலகத்தில் காலியான நேரத்தைத் தன்னார்வப் பயிலும் வட்டமும் தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நிரப்பின. பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி. கட்டணம் கட்டிச் சென்னையில் கோச்சிங் போக முடியாத பிள்ளைகளுக்கு அது பேருதவி.

என்றாலும் அது பழைய பாதைக்கே புது விளக்கு. 2022இல் குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வரிசை தேதியிலிருந்து மதிப்பெண்ணுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. அரசுக்கு அப்பால் பார்க்கச் சொன்ன முதல் பெரிய மாநில முயற்சி 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ என்றே சொல்லலாம். கல்லூரிப் பாடத்தோடு திறன் பயிற்சியை இணைத்ததும், பள்ளி முடிப்பவரிடம் அடுத்து என்ன படிப்பு, அதற்கு என்ன வேலை என்று பேசியதும் அதன் கூறுகள். கல்வியறிவில் மாநிலச் சராசரியைவிடப் பின்தங்கியிருந்த மாவட்டத்துக்கு (2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் 71.88 விழுக்காடு, மாநிலம் 80.09) இந்தப் பேச்சு மிகத் தாமதமாக வந்தது. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது, கணினி வேலைக்குச் சென்னையும் பெங்களூரும்தான் என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் முதன்முறையாக அசைந்தது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலவமைப்பின் பகுதியாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் வழிகாட்டி, விடுதி, வாகனம் என்று சுற்றுலா வேலைகள் பேசப்படுகின்றன. பேச்சு வேலையாவதற்கு மொழிப் பயிற்சியும் உரிமமும் வேண்டும். மலையேறிக் காட்டத் தெரிந்த பையன்கள் ஊரில் நிறையவே இருக்கிறார்கள்.

இதற்கிடையில் உண்மையான வழிகாட்டல் எங்கே நடந்தது என்று கேட்டால், இருவேல்பட்டு பதில் தருகிறது. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2008இல் அங்கே கண்டது, நிலக்கிழாரின் பழைய பிடி தளர்ந்து, ஊர்க்காரர்கள் வெளியூர்க் கட்டட வேலைக்குப் போய்வரும் நிலை. அந்தப் பாதையை எந்த அலுவலகமும் போட்டுத் தரவில்லை. முன்னால் போனவர் பின்னால் வருபவரை அழைத்துக்கொண்டார். புதுச்சேரி–திண்டிவனம்–திருவண்ணாமலை–கிருஷ்ணகிரி சாலையில், பெங்களூருக்கு நேர்வழியில் இருக்கும் செஞ்சிக்கும் இது பொருந்தும். சித்தாளாகச் சேர்ந்து கொத்தனாராகி, பிறகு பத்துப் பேரை வைத்து வேலை எடுக்கும் மேஸ்திரியாவது ஒரு முழுமையான தொழில் ஏணி. பழகும் காலம், ஒவ்வொரு படியின் கூலி, அடுத்த படிக்குத் தேவையான கைத்திறன் எல்லாம் அதில் இருப்பவருக்கு மனப்பாடம். இந்த அறிவை வழிகாட்டும் மையத்தின் சுவரொட்டிகளில் தேடினால் கிடைக்காது.

1959 சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. வேலைவாய்ப்பு நிலையம் என்ற சொல்லைக் கைவிட்டு, தொழில்வாழ்க்கை மையம் என்ற பொருள்படும் பெயரை அது வைக்கிறது; வழிகாட்டலையும் ஆலோசனையையும் மையத்தின் பணிகளுக்குள்ளேயே சேர்க்கிறது. சிவராவ் குழு கேட்டது அறுபத்தாறு ஆண்டு கழித்துச் சட்டமாகியிருக்கிறது. ஆனால் காலியிடம் அறிவிக்கும் கடமை 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே. செஞ்சியில் ஓர் இளைஞருக்கு முதல் சம்பளம் கொடுக்கும் அரிசி மண்டி, உரக்கடை, துணிக்கடை, மெக்கானிக் ஷெட், செல்போன் பழுதுபார்க்கும் கடை ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்கின்றன. பெங்களூர் மேஸ்திரியும் அப்படித்தான்.