வேலிக்குள் வெளிநாடு

சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றதும் பெங்களூர்வாசிகளுக்கு மான்யதா போன்ற வளாகங்களின் கண்ணாடி மாளிகைகளும், மடிக்கணினியின் எண்ணைச் சரிபார்த்துச் சீட்டுக் கேட்கும் வாயிற்காவலாளியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் சுங்கவரி செலுத்தாமல் தருவித்த சாமானுக்குக் கணக்குக் காட்டாமல் வேலியைத் தாண்டக்கூடாது என்னும் அந்த நியதியே, அதே சட்டத்தின் கீழ், கப்பல் கப்பலாக வந்திறங்கும் கச்சா எண்ணெயையும் ஆண்டு வந்திருக்கிறது என்பதை அவர்களில் சிலரே சிந்தித்திருப்பார்கள்.

சுங்கத்தை விலக்கி வர்த்தகத்தை வளர்க்கும் உபாயம் நமக்குப் புதிதன்று. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றதை யாவரும் அறிவர். நவீன சர்க்கார்கள் அதனோடு ஒரு வேலியையும் சேர்த்துக்கொண்டன. பொருளாதார மந்தத்தில் தத்தளித்த அமெரிக்கா 1934இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. பிற்காலத்தில் அந்நாட்டு எண்ணெய் ஆலைகள் பல அச்சட்டத்தின் நிழலில் ஒதுங்கின. இந்தியா 1965இல் காண்ட்லாவில் ஏற்றுமதி மண்டலம் அமைத்தது. சீனத்து மண்டலங்களின் வளர்ச்சியால் கவரப்பட்ட வர்த்தக மந்திரி முரசொலி மாறன் 2000இல் புதிய கொள்கையை அறிவித்தார். அது 2005இல் சட்டமாகி, 2006 பிப்ரவரி 10 அன்று அமலுக்கு வந்தது.

அச்சட்டத்தின் 53ஆம் பிரிவு ஒரு விசித்திரமான கற்பனை: மண்டலம் இந்திய மண்ணில் இருந்தாலும், சுங்கத்தைப் பொறுத்தவரை இந்தியாவுக்கு வெளியே இருப்பதாகவே கருதப்படும். ஆகவே அங்கே உற்பத்தியான டீசல் உள்நாட்டு லாரியில் ஏறினால் அது இறக்குமதி. வெளியிலிருந்து மண்டலத்துக்குள் போகும் சரக்கோ ஏற்றுமதி. துணிக்கும் நகைக்கும் ஏற்ற இந்தக் கற்பனை, குழாயில் ஓடும் திரவத்துக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழுவது நியாயமே.

ரிலையன்ஸ் நிறுவனத்தார் ஜாம்நகரில் 1999இல் இயக்கிய ஆலையின் பக்கத்திலேயே, நாளொன்றுக்கு 5,80,000 பீப்பாய் கொள்ளளவுள்ள இரண்டாவது ஆலை மண்டலத்துக்குள் எழுந்து, 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. கச்சாவின் மீதிருந்த 5 சதவீதச் சுங்கவரியை அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே சர்க்கார் நீக்கிவிட்டது. 2010இல் திரும்ப வந்த அவ்வரி மறு ஆண்டு ஜூனில் மீண்டும் நீங்கிற்று. எனவே ஆலையை வேலிக்குள் இழுத்தது கச்சாவின் மீதான சலுகை அன்று. முதல் ஐந்தாண்டு ஏற்றுமதி லாபத்துக்கு முழுமையும், அடுத்த ஐந்தாண்டுக்குப் பாதியும் கிடைத்த வருமான வரி விலக்கே என்பது என் அபிப்பிராயம். அந்த விலக்கின் ருசியையும், விலக்குப் பெற்றோரும் செலுத்தவேண்டியதான குறைந்தபட்ச மாற்று வரி 2011இல் ஓரளவு குறைத்துவிட்டது.

கர்நாடகத்தில் இந்த விநோதத்தைக் கிட்டத்தில் காண மங்களூருக்குப் போக வேண்டும். 1996இல் இயங்கத் தொடங்கிய மங்களூர் சுத்திகரிப்பு ஆலை மண்டலத்துக்கு வெளியே நிற்கிறது. ஹாசன் வழியாக ஏறத்தாழ 360 கிலோமீட்டர் மலையும் சமவெளியும் கடந்து, ஒயிட்ஃபீல்டுக்கு அப்பாலுள்ள தேவனகொந்தித் தொட்டிகளை நிரப்பும் குழாய் அங்கிருந்தே புறப்படுவதால், அதில் வரும் பெட்ரோலுக்குக் கலால் வரி உண்டே தவிர இறக்குமதிச் சுங்கம் இல்லை. ஆனால் அந்த ஆலையின் நாஃப்தாவைக் கொண்டு, பாலியெஸ்டருக்கு மூலப்பொருளான பாராசைலீனைத் தயாரிக்கும் பெட்ரோ ரசாயன ஆலையோ மண்டலத்துக்குள் அமைந்தது. வேலியின் அடியே அடுத்த மனைக்குப் போகும் நாஃப்தா, கடலையே காணாமல் ஏற்றுமதி என்னும் அந்தஸ்தை அடைந்தது! 2022 மே மாதத்தில் இரு ஸ்தாபனங்களும் ஒன்றாய் இணைந்தபோது, ஒரே உடைமையாளரின் இரு முற்றங்களுக்கு நடுவே தேசத்தின் சுங்க எல்லை ஓடலாயிற்று.

அதே ஆண்டு உக்ரைன் யுத்தத்தால் விலை ஏறி, ஆலைகள் ஏற்றுமதியில் பெருலாபம் ஈட்டக் கண்ட மத்திய சர்க்கார், ஜூலை 1 முதல் ஏற்றுமதியாகும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி விதித்தது. மூன்று வாரம் கழிவதற்குள், ஜூலை 20 அன்று, மண்டலத்து ஆலைகளின் ஏற்றுமதிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஜாம்நகரில் அக்கம்பக்கத்து இரு ஆலைகளிலிருந்து ஒரே கடலில் இறங்கும் ஒரே வகை டீசலில் ஒன்று வரி கட்டியது, மற்றொன்று கட்டவில்லை. பதினைந்து நாளுக்கொரு முறை ஏறியும் இறங்கியும் வந்த அவ்வரி 2024 டிசம்பரில் ரத்தாயிற்று.